சலங்கை கட்டினால் டீச்சராகி விடலாமா?

விஜயதசமி வந்தால் போதும், எங்கள் புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு 'நாட்டிய வகுப்பு' போர்டு புதிதாக முளைத்துவிடும். அரங்கேற்றம் முடிந்த கையோடு வீட்டுக் கூடத்தில் பத்துக் குழந்தைகள், மாதாமாதம் ஃபீஸ். பெண் நாலு காசு சம்பாதிக்கிறாளே என்று நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் சகோதரிகளே, ஆடுவது ஒரு வித்தை, ஆட்டுவிப்பது வேறு வித்தை இல்லையா?

பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு அரங்கேற்றம் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. "நம்ம பொண்ணே சொல்லித் தரட்டுமே" என்று அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் அப்பாவுக்கும் ஆசைதான். நான்தான், "கொஞ்சம் பொறுங்க" என்றேன். காரணம், எதிர்வீட்டுக் குழந்தை. அதற்கு வயசு ஐந்து. ஒரு வகுப்பில் சேர்த்த மூன்றாம் மாதமே முட்டி வலிக்குதுன்னு அழுகை. சிமென்ட் தரையில் வெகுநேரம் அரைமண்டியில் தட்ட விட்டிருக்கிறார்கள்.

அரைமண்டி என்றால் தொடை இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். முட்டி, கால்விரல்கள் பார்க்கும் திசையையே பார்க்கணும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் பக்கவாட்டில் இழுத்து வைத்தால் முறுக்கு அத்தனையும் முட்டியில்தான் விழும். ஐந்து வயசுக்கு இது தெரியுமா? டீச்சரின் கண்தான் பார்க்க வேண்டும். அந்தக் கண் அரங்கேற்றத்தோடு தானாக வந்துவிடாது.

பாரிஸில் இருக்கும் என் நாத்தனாரின் பேத்தி அங்கே பாலே கற்கிறாள். அங்கே 1989-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பாலே, நவீன நடனம், ஜாஸ் இந்த மூன்றையும் சம்பளம் வாங்கிக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் அரசு டிப்ளமா வேண்டும். அதற்கு ஆடிக் காட்டினால் போதாது. உடற்கூறு, இசை, கற்பிக்கும் முறை எல்லாவற்றிலும் பரீட்சை உண்டு. நான்கைந்து வயதில் விளையாட்டாக உடம்பை அசைக்க மட்டுமே சொல்லித் தரலாம், ஆறேழு வயதில் பூர்வாங்கப் பயிற்சி, எட்டு வயதுக்குப் பிறகே முறையான நடனப் பாடம் என்று வயதுக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். (நம் பரதம் இந்தச் சட்டத்தில் வராது. அங்கேயும் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம்!)

பாலேக்காரர்களுக்கு மேடை ஆயுசு குறைச்சல். பாரிஸ் ஓபராவில் 42 வயதில் ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பலருக்கும் பிழைப்பு டீச்சர் வேலைதான், அல்லது ஒத்திகை நடத்தும் வேலை. நடனம் அமைப்பவர்களுக்குத்தான் டிப்ளமா கட்டாயம் எதுவும் இல்லை. கூட ஆடுகிறவர்களை வைத்துச் சின்னச் சின்னதாக அமைத்துப் பார்த்துத்தான் மேலே வருகிறார்கள்.

நம்மிடம் இந்த இரண்டு வேலையையும் ஒருவரே செய்தார். அவர்தான் நட்டுவனார். சிறு வயசிலேயே குருவின் வீட்டில் இருந்து பாட்டு, மிருதங்கம், தட்டுக்கழி, ஜதி எல்லாம் பல வருஷம் பழகினவர். எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பழைய கதை உண்டு. 1838-இல் தார்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டு, கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகளைப் பாரிசுக்குக் கப்பலேற்றினார். அந்த வருஷம் பாரிசிலும் லண்டனிலும் ஆடினார்கள். அம்மணி என்ற இளம் பெண்ணைப் பற்றித் தியோபில் கோத்தியே என்ற பெரிய எழுத்தாளர் உருகி எழுதினார். அவளுக்கு வெண்கலத்தில் சின்னச் சிலைகூட வடித்தார்கள். பின்னால் நின்று தாளம் போட்டு அத்தனை பேரையும் நடத்தியவர் ராமலிங்கம் என்ற நட்டுவனார். அவருக்கு யார் சிலை வைத்தார்கள்?

பாலேயிலிருந்து பரதத்துக்கு வந்தவர் ருக்மிணி தேவி. அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள் என்று பாவ்லோவா சொன்னதன் பேரில் இந்தப் பக்கம் திரும்பி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றார். 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். குரு வீட்டில் இருந்த வித்தைக்குப் பாடத்திட்டமும் டிப்ளமாவும் வந்தன. ஆண்களே பிடித்த தாளத்தைப் பெண்கள் கையில் எடுத்ததும் இந்தக் காலத்தில்தான். வழுவூர் ராமையா பிள்ளையின் சிஷ்யை கே.ஜே. சரசா நட்டுவாங்கத்தில் பெரிய பெயர் எடுத்தார். ஜெயலலிதாவுக்கு நாட்டியம் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

இதற்காகச் சென்னைக்குத்தான் போகணும் என்றில்லை. அரியாங்குப்பத்தில் 1988-லிருந்து பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. அங்கே பரதத்தில் பட்டமே வாங்கலாம். என் மகள் பிளஸ் டூ முடித்ததும் அங்கேதான் என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். இப்போது தன் குருவிடமே நட்டுவாங்கம் பழகுகிறாள். வாய் ஜதி சொன்னால் கை நின்றுவிடுகிறது, கை தட்டினால் கண் ஆடுகிறவளைப் பார்க்க மறந்துவிடுகிறது. "ஆடறது இதைவிட ஈசிம்மா" என்கிறாள்!

உங்கள் குழந்தையைச் சேர்க்கும் முன் ஒரு நாள் வகுப்பில் போய் உட்கார்ந்து பாருங்கள். தரை வெறும் சிமென்டா, மரப்பலகையா? ஆரம்பத்தில் கைகால் உதறி உடம்பைச் சூடாக்க விடுகிறார்களா? டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து முட்டியைத் திருத்துகிறாரா, இல்லை உட்கார்ந்த இடத்திலிருந்தே "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்கிறாரா? குழந்தை வலிக்குதுன்னு சொன்னால் அன்றைக்கு அடவை நிறுத்தி, கை முத்திரை, தாளம் என்று வேறு பாடம் தரத் தெரிந்த டீச்சராகப் பாருங்கள்.