நெஞ்சே, இன்னும் ஒரு சுற்று

டெபோரா ஹெரால்டைப் பற்றி வந்த கட்டுரைகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் தொடங்கும். 2004 டிசம்பர் 26, கார் நிக்கோபார், ஒன்பது வயதுச் சிறுமி. சுனாமியில் கடல் ஊருக்குள் புகுந்தபோது மரத்தைப் பற்றிக்கொண்டு, இலையையும் பட்டையையும் தின்று ஐந்து நாள் உயிர் பிழைத்தார் என்று செய்திகள் சொல்கின்றன. பதினோரு ஆண்டு கழித்து, 2015 டிசம்பரில், சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் 500 மீட்டர் டைம் டிரையல் தரவரிசையில் அவருக்கு நான்காம் இடம். இந்திய சைக்கிள் பந்தயத்துக்கு அது புதிய உயரம். இந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்து, அலைக்கே அஞ்சாத மனவலிமை என்று தலைப்புப் போட்டுவிட்டால் கட்டுரை முடிந்தது. ஆனால் அந்தக் கோடு எதையும் விளக்குவதில்லை. அதே அலையில் தப்பியவர்கள் தீவெங்கும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் சைக்கிள் ஏறிப் பதக்கம் வாங்கவில்லை. அந்தமான் நிக்கோபாரிலிருந்தே வந்த ஈசோ ஆல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தின் எய்கிள் நகரில் ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் என்னும் சைக்கிள் பந்தயத்தில் வெள்ளி வென்றார். உலக சைக்கிள் போட்டியில் இந்தியருக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. சுனாமியின்போது அவருக்கு வயது மூன்று. மூன்று வயதில் நடந்த ஒன்றைக் காட்டி அந்த வெள்ளியை விளக்கிவிட முடியுமா?

மனவலிமையைப் பேரிடர் விட்டுச்சென்ற சொத்தாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. அது ஒரு வகையில் சோம்பேறித்தனம். விளையாட்டு உளவியல் சோதனைகள் வேறொன்றைச் சொல்கின்றன: தாங்கும் சக்தி என்று நாம் மொத்தமாகப் பெயரிடுவதில் ஒரு பங்கு, களைப்பு ஏறும் நேரத்தில் ஒருவர் தனக்குள் சொல்லிக்கொள்ளும் சொற்களில் இருக்கிறது; அந்தச் சொற்களை மிதிப்பதையும் மூச்சு விடுவதையும் போலவே பழகிக்கொள்ளலாம். டெபோரா தொடக்கக் கோட்டில் நின்று தமக்குள் என்ன சொல்லிக்கொண்டார் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் மற்றவர்களிடம் வைத்துச் சோதித்திருக்கிறார்கள் என்பதே இங்கே முக்கியம்.

2014இல் வெளிவந்த, ஆய்வாளர்கள் பிளாஞ்ச்ஃபீல்ட், மார்கோரா குழுவின் சோதனையில் 24 பேர். உச்சத் திறனின் 80 சதவீத அளவில், இனி முடியாது என்னும் வரை உடற்பயிற்சி சைக்கிளை மிதிக்க வேண்டும். பிறகு பாதிப் பேருக்கு இரண்டு வாரம் உள்பேச்சுப் பயிற்சி: அவரவர் வழக்கமாகச் சொல்லிக்கொள்வதை எழுதச் சொல்லி, அதிலிருந்து நான்கு வாக்கியம் தேர்ந்தெடுத்து, தங்கள் சொந்தப் பயிற்சியில் பயன்படுத்திப் பார்த்துச் செதுக்க வைத்தார்கள். மறுபடி மிதித்தபோது அந்தக் குழுவின் சராசரி 637 விநாடியிலிருந்து 751 விநாடிக்கு ஏறியது, ஏறக்குறைய 18 சதவீதம். மற்றக் குழுவில் முன்னேற்றம் இல்லை. இரண்டு வாரத்தில் யாருக்கும் இதயமோ தொடைத் தசையோ மாறிவிடவில்லை. அதே வேகம், அதே சுமை, ஆனால் நடுவழியில் 'எவ்வளவு கடினமாக இருக்கிறது' என்ற கேள்விக்கு அவர்கள் தந்த மதிப்பெண் குறைந்திருந்தது. மார்கோராவின் வாதமே இதுதான்: பெரும்பாலான நேரம் நாம் நிற்பது தசை தீர்ந்துபோனதால் அல்ல, சிரமம் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்று மனம் கணக்குப் போடுவதால். சொல் தொடுவது அந்தக் கணக்கை.

கார் நிக்கோபாருக்கு இன்னும் நெருக்கமான சோதனை 2017இல் கனடாவிலிருந்து வெளிவந்தது. ஏறக்குறைய 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவு பவளப் பாறை மேல் அமர்ந்த தட்டையான நிலம். ஓடுகிறவருக்கு ஏறி மூச்சிரைக்க மலை இல்லை. ஆனால் காற்றிலேயே ஈரம் நிற்கும். வேர்வை வழியும், உலராது. உலராத வேர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. கனடா சோதனையில் பயிற்சி பெற்ற 18 சைக்கிள்காரர்களை 35 டிகிரி வெப்பத்தில் மிதிக்க வைத்தார்கள். வெப்பத்தைப் பற்றிய புலம்பல் வாக்கியங்களை மாற்றிப் பழகிய குழு 8 நிமிடத்திலிருந்து 11 நிமிடத்துக்கு மேல் தாங்கியது. பழகாத குழு இருந்த இடத்திலேயே இருந்தது. இத்தனை பெரிய வித்தியாசத்தைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். நியாயமான சந்தேகம்தான். மருந்துச் சோதனையில் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றுவதுபோல இங்கே ஏமாற்ற வழியில்லை. தாம் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும், எதிர்பார்ப்பும் சேர்ந்தே மிதிக்கும். ஆனாலும் 2011இல் கிரேக்க ஆய்வாளர் ஹட்சிகியோர்கியாடிஸ் குழுவினர் வெவ்வேறு விளையாட்டுகளில் நடந்த 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது விளைவு மிதமானது, நிஜமானது என்றே வந்தது. பயிற்சியோடு வந்த உள்பேச்சுக்கே பலன் கூடுதல் என்பதும் அதில் தெரிந்தது. போட்டி நாளன்று காலையில் சுவரொட்டி வாசகத்தை மனப்பாடம் செய்வது இதில் சேராது.

எப்படிச் சொல்வது என்பதில் ஒரு சுவையான சங்கதி இருக்கிறது. 2019இல் வெளிவந்த ஒரு சோதனையில் 16 ஆண்களை 10 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரே வாக்கியத்தை ஒருமுறை 'என்னால் முடியும்' என்றும் மறுமுறை 'உன்னால் முடியும்' என்றும் சொல்ல வைத்தார்கள். 'உன்னால்' சுமார் 2 சதவீதம் வேகம் கூட்டியது. சிரம உணர்வோ இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. தமிழ் படித்தவருக்கு இது புதிய செய்தி இல்லை. வள்ளுவர் காமத்துப்பாலில் நெஞ்சோடு பேசுவதற்கென்றே நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என இரண்டு அதிகாரங்களை ஒதுக்கியிருக்கிறார். அங்கே நெஞ்சு எதிரில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆள். கெஞ்ச வேண்டும், கடிந்துகொள்ள வேண்டும், சமயத்தில் அது கட்சி மாறிக் காதலர் பக்கம் போய்விடும். (குறளில் நெஞ்சு பெரும்பாலும் சொன்னபேச்சைக் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) மைதானத்தில் கோச் 'விடாதே, தோளைத் தளர்த்து' என்று கத்துவதும் முன்னிலையில்தான். கோச் இல்லாத பத்தாவது கிலோமீட்டரில் அந்தக் குரலை உள்ளே எடுத்து வைத்துக்கொள்வதே உள்பேச்சு. நிக்கோபாரியரின் ஹோடிப் படகுப் போட்டியை நினைத்தால் இது விளங்கும்: வரிசையாக உட்கார்ந்தவர்களின் துடுப்பு ஒரே நேரத்தில் நீரில் விழ வேண்டும், தாளம் பொதுவில் இருக்கிறது, களைப்பு மட்டும் அவரவருடையது. தனியாக ஓடுகிறவர் அந்தத் தாளத்தையும் தானே போட வேண்டியிருக்கிறது.

இனிமையாகப் பேசினால் எல்லாம் நடந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. 2009இல் உளவியலாளர் ஜோஆன் வுட் வெளியிட்ட சோதனையில், தம்மீது மதிப்புக் குறைந்தவர்களை 'நான் அன்புக்குரிய ஆள்' என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது அவர்கள் அப்படிச் சொல்லாதவர்களைவிடச் சோர்ந்துபோனார்கள். நம்பாத வாக்கியத்தை வாய் சொல்லும்போது மனம் எதிர்வாதம் எடுக்கிறது. 'நான் புலி' என்று சொல்லிக்கொண்டு ஓடுவதன் சிக்கல் இதுதான். 'அடுத்த வளைவு வரை இதே வேகம்' என்பதை யாரும் மறுக்க முடியாது. இன்னொரு சோதனையில், இரவு முழுக்க 60 மைல் ஓடும் பந்தயத்தில் கலந்துகொண்டவர்களுக்கு உள்பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஓடி முடித்த நேரம் குறையவில்லை. அத்தனை நீளத்தில் கால் கொப்புளம், வயிறு, தூக்கம், வழி தவறுதல் எல்லாம் சேர்ந்து நேரத்தைத் தீர்மானிக்கும். சொல்லின் பங்கு அதில் கரைந்துபோவது இயல்பு. ஆனாலும் பலர் அது உதவியது என்று சொல்லித் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். நேரத்தைக் குறைக்காத ஒன்று ஓட்டத்தைத் தாங்கத்தக்கதாக ஆக்கினால், தினமும் அதிகாலையில் எழுந்து பயிற்சிக்குப் போகிறவருக்கு அது சின்ன லாபம் இல்லை.

டெபோரா மிதித்த 500 மீட்டர் டைம் டிரையல் நேர் எதிர் முனை. 250 மீட்டர் மரத்தடத்தில் நின்ற நிலையிலிருந்து இரண்டு சுற்று. அரை நிமிடத்துக்குச் சற்று மேல் போனால் முடிந்துவிடும். அங்கே ஊக்க வாக்கியம் சொல்ல இடமே இல்லை. 'எழு', 'அமுக்கு', 'உட்கார்' போல உடலுக்கு வேலை சொல்லும் ஒற்றைச் சொல்தான் பொருந்தும், அதுவும் நூறு பயிற்சியில் நாக்குக்குப் பழகியிருந்தால். நீண்ட ஓட்டத்தில் சொல் வேறு, அதன் ஆபத்தும் வேறு. சிரம உணர்வு வெறும் தடை மட்டும் அல்ல, அது எச்சரிக்கை மணியும்கூட. 35 டிகிரியில் மூன்று நிமிடம் கூடுதலாகத் தாங்கியவரின் உடல் அந்த மூன்று நிமிடமும் சூடேறிக்கொண்டேதான் இருந்தது. ஆய்வகத்தில் பக்கத்திலேயே வெப்பமானியோடு ஆள் நின்றார், தீவின் கடலோரச் சாலையில் அப்படி யாரும் நிற்பதில்லை. பிளாஞ்ச்ஃபீல்ட் சோதனையில் ஆளுக்கு நான்கு வாக்கியம், முதல் பாதிக்கு இரண்டு, களைப்பு முற்றும்போது இரண்டு. மார்ச் மாதத்து முற்பகலில் கார் நிக்கோபாரில் ஓடுகிறவர் ஐந்தாவதாக ஒன்றையும் அதே கண்டிப்பான முன்னிலையில் பழகி வைத்திருக்க வேண்டும்: 'போதும், நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடி.'