புது டிரெய்லரை ஏற்றுக்கொள்ளுமுன் செய்யவேண்டிய பரிசோதனை

தமிழ்ச் சமணர்களின் மடமும் பார்சுவநாதர் ஆலயமும் அமைந்துள்ள மேல்சித்தாமூர், விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிப் பக்கத்திலுள்ள ஒரு விவசாயக் கிராமம். தேருள்ள ஊராருக்கு ஒரு விஷயத்தை விஸ்தாரமாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. வடம் பிடிக்குமுன் அச்சையும் சக்கரத்தையும் தச்சரைக் கொண்டு பார்த்துக்கொள்வது தொன்றுதொட்ட வழக்கம். அப்படியிருந்தும், லக்ஷக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் டிராக்டர் டிரெய்லரை மாலையிட்டுப் பொட்டிட்டு அப்படியே வீட்டிற்கு ஓட்டிவருபவரே இப்பிரதேசத்தில் அநேகர். குற்றம் வெளிப்படுவதோ, மணிலா மூட்டைகளையோ கரும்பையோ ஏற்றிச் செல்லும்போது நடுவழியில்தான்.

டிரெய்லர்களிற் பெரும்பாலானவை அந்தந்தப் பக்கத்துப் பட்டறைகளிலேயே செய்யப்படுகின்றன. இதனால் விலை சகாயமாவதும், வேண்டிய அளவிற் செய்து வாங்க முடிவதும் உண்மையே. ஆனால் வேலையின் தரம் பட்டறைக்குப் பட்டறை மாறுபடும். வர்ணம் பூசியபின் நல்ல வேலையும் மட்டமான வேலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆகையால் வர்ணம் பூசுவதற்கு முன் ஒரு முறையும், ஏற்றுக்கொள்ளும் நாளில் ஒரு முறையும் நேரிற் சென்று பார்ப்பது சிலாக்கியம்.

சட்டமும் எடையும்

விலைச்சீட்டில் இரும்பின் அளவு, தகட்டின் கனம், டயரின் அளவு, பெட்டியின் நீள அகலம் ஆகிய யாவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். இவை சரிதானா என்றறிய எளிய வழி, காலி டிரெய்லரை எடைமேடையில் நிறுத்துவதே. ஒப்புக்கொண்ட எடைக்கு வெகுவாகக் குறைந்திருந்தால், எங்கோ மெல்லிய தகடோ சிறிய சட்டமோ போடப்பட்டிருக்கிறது என்று அறியலாம்.

அடுத்தபடி, ஏர்க்காலின் முன்வளையத்திலிருந்து அச்சின் இடதுமுனை வரையிலும் வலதுமுனை வரையிலும் நாடா பிடித்து அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இல்லாவிடில் டிரெய்லர் கோணலாக ஓடும். டயர் ஒரு பக்கமே தேயும். இக்குற்றத்தைப் பின்னால் திருத்துவது எளிதன்று.

பற்றவைப்பு முழு நீளமும் இடைவிடாது ஓடியிருக்க வேண்டும். ஆங்காங்கு புள்ளி வைத்து நிறுத்தியிருத்தலும், துளைகள் இருத்தலும் குற்றமாம். ஏர்க்கால் சட்டத்துடன் கூடும் இடத்தையும், அச்சு அமரும் இடத்தையும் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பாரம் முழுவதும் அங்கேதான் இழுக்கிறது.

சக்கரமும் டயரும்

ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையாற் சுழற்ற வேண்டும். கரகரவென்ற ஓசையின்றி ஒரே சீராகச் சுழலுதல் நன்று. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியலாகாது. தெரிந்தால் பேரிங் சரியாக இறுக்கப்படவில்லை என்பது பொருள். கிரீஸ் இட்டிருக்கிறதா என்பதையும் மூடியைக் கழற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும், பின் இரண்டும் வருஷத்தையும் குறிக்கும். 1425 என்றிருந்தால் 2025-ஆம் வருஷத்தின் 14-ஆவது வாரத்தில் செய்தது. புதிய டிரெய்லருக்குப் பழைய டயரோ, மறுபடி ரப்பர் ஒட்டிய டயரோ போட்டிருந்தால் ஏற்கலாகாது. சக்கர நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குவதோடு, முதற் பாரம் ஏற்றி இறக்கியபின் மீண்டும் ஒரு முறை இறுக்குதல் அவசியம்.

இணைப்பும் டிப்பரும்

இணைப்பு ஊசி துவாரத்திற்குத் தக்க கனமுடையதாயும், மேலே எழும்பாதபடி கடையாணி உடையதாயும் இருக்க வேண்டும். ஊசி கழன்றாலும் டிரெய்லர் பிரிந்து ஓடாதபடி காப்புச் சங்கிலியும் வேண்டும். இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் ஒரு பங்கு டிராக்டரின் மேல் அமர்கிறது. அச்சு மிகவும் முன்னே இருந்தால் பாரம் பின்னே சாய்ந்து, ஏர்க்கால் மேலே தூக்கி, டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். மிகவும் பின்னே இருந்தாலோ டிராக்டரின் முன்பக்கம் தூக்கும். இரண்டும் அபாயமே.

டிப்பராயின், பாரத்துடன் பாதி உயரம் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்து அரைமணி நேரம் பார்க்க வேண்டும். பெட்டி கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினாலும், எண்ணெய் கசிந்தாலும் அது குறையே. முட்டுக்கட்டை கொடுக்காமல், தூக்கிய பெட்டியின் கீழ் எவரும் தலையை நீட்டலாகாது.

விளக்கும் பத்திரமும்

கரும்பு ஏற்றிய டிரெய்லர் இரவில் சாலையோரம் நிற்பதும், பின்னால் வருபவர் அறியாது மோதி உயிரிழப்பதும் இந்நாட்டிற் புதிதன்று. ஆகவே பின் விளக்கு, நிறுத்த விளக்கு, திருப்ப விளக்கு, சிவப்புப் பிரதிபலிப்பான் ஆகியவற்றை டிராக்டருடன் இணைத்து, இருட்டிய பிறகே சோதிக்க வேண்டும். இவற்றிற்காகும் செலவு சொற்பம், காப்பதோ உயிர்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. அதற்குப் பதிவு உண்டு. சட்டத்தில் வெட்டிய எண்ணும், ரசீதிலும் 21-ஆம் படிவமாகிய விற்பனைச் சான்றிலும், 22-ஆம் படிவமாகிய தகுதிச் சான்றிலும் கண்ட எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். பதிவும் காப்பீடும் இல்லாத டிரெய்லரால் விபத்து நேர்ந்தால், நஷ்டஈட்டின் சுமை உடையவரின் நிலத்தின் மேலேயே வந்து விழக்கூடும்.

கண்ட குறைகளைத் தேதியுடன் எழுதி, பட்டறைக்காரரின் கையொப்பம் பெற்று, குறை தீரும்வரை கடைசித் தவணையை நிறுத்தி வைத்தல் விவேகம். வங்கிக் கடனில் வாங்குவோர், திருப்தியாக ஏற்றுக்கொண்டதாக முன்னரே எழுதிக் கொடுத்துவிடலாகாது. பின்னரும் நியாயம் கிடைக்காவிடில், 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு வருஷத்திற்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அப்போது இந்தக் குறிப்பே முதற் சாட்சியாகும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கவேண்டிய காரியம் ஒன்றுண்டு. திருவிழாவிற்கும் கலியாணத்திற்கும் டிரெய்லரில் ஜனங்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. எவ்வளவு நன்றாகப் பரிசோதித்த டிரெய்லரும் தானியத்திற்கும் எருவிற்குமே செய்யப்பட்டது, மனிதர்களுக்கன்று. அரைநாட் பரிசோதனையால் நல்ல டிரெய்லரைப் பெற்ற குடியானவர், அதனை அதற்குரிய பாரத்திற்கே உபயோகிப்பாராயின், அது பல வருஷங்கள் பழுதின்றி உழைக்கும்.