பழைய பூனையும் புதிய குட்டியும்

மும்பையின் ஆண்டாப் ஹில் பகுதியில் மைய அரசு ஊழியர் குடியிருப்புகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. அங்கே மாடிப்படிகளின் கீழ்ப் பூனைகள் குட்டி ஈனுவது வழக்கம். மழையில் நனைந்து நடுங்கும் குட்டியைச் சிறுவர்கள் வீட்டிற்கு எடுத்து வருவதும் உண்டு. அவ்வீட்டில் முன்பே ஒரு முதிய பூனை இருந்தால் சிக்கல் தொடங்குகிறது.

முதிய பூனை முதுகை வளைத்துச் சீறும். இதனைப் பொறாமை என்பர், அது சரியன்று. வீட்டுப்பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. அது கூட்டமாக வாழாது. தனக்கென எல்லை வகுத்துத் தனித்தே வேட்டையாடும். (காட்டுப்பூனையைப் பழந்தமிழர் வெருகு என்றனர். அதன் இளமைப்பெயர் குட்டி எனத் தொல்காப்பியம் கூறுகிறது.) அவ்வியல்பு வீட்டுப்பூனையிடம் இன்றும் மறையவில்லை. அது கதவிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தை உரசுவதைக் காணலாம். கன்னத்துச் சுரப்பிகளின் மணத்தை அங்கே பூசுகிறது. மனிதர் மூக்கிற்கு எட்டாத அந்த மணமே, அது தன் இடம் என்பதற்கு அடையாளம். அறியாத மணத்தோடு ஒரு குட்டி நுழைந்தால், முதிய பூனைக்குத் தன் வீடே அயலாகிவிடும்.

ஆகவே ஒன்றையொன்று பார்ப்பதற்கு முன், ஒன்றன் மணத்தை மற்றொன்று அறிய வேண்டும்.

முதலில் குட்டியை விலங்கு மருத்துவரிடம் காட்டித் தொற்றுநோய் இல்லை என உறுதி செய்தல் நன்று. பரேலில் 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்ட பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை ஆண்டாப் ஹில்லுக்குத் தொலைவில் இல்லை.

பின்னர்க் குட்டியைத் தனி அறையில் வைக்க வேண்டும். சிறிய வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? கதவுள்ள சமையலறையே போதும். குட்டியின் கன்னத்தைத் துணியால் துடைத்து, அத்துணியை முதிய பூனையின் உணவுத் தட்டருகே வைக்கலாம். அதற்கு விருப்பமான மீன் துண்டும் உடனிருந்தால் இன்னும் நன்று. புதிய மணம் சுவையோடு சேர்ந்து மனத்தில் பதியும். அவ்வாறே முதிய பூனையின் மணமேறிய துணியைக் குட்டிக்குத் தரலாம். அடுத்து, மூடிய கதவின் இருபுறமும் உணவிட்டுத் தட்டுகளை நாள்தோறும் சிறிது நெருக்கி வைக்க வேண்டும். இரண்டும் அமைதியாக உண்டால் கதவை விரற்கடை அளவு திறக்கலாம்.

சில பூனைகளுக்கு ஒரு வாரம் போதும். முதிய பூனைகளுக்குச் சில மாதங்களும் ஆகலாம். அவசரப்பட்டால் முதிய பூனை அச்சத்தால் உணவை வெறுக்கும். சில நாள்கள் உண்ணாதிருந்தாலே பூனையின் கல்லீரல் கெடக்கூடும். சீறும் பூனையை அடித்தல் கூடாது. அடியின் வலியையும் அது குட்டியோடு சேர்த்தே நினைவில் கொள்ளும். இரண்டும் சண்டையிட்டால் நடுவே கையை நீட்டாமல் ஓர் அட்டையை நுழைக்க வேண்டும்.

இரண்டு பூனைகளுக்கு மூன்று மணல் தட்டுகள் தேவை. சன்னல் கம்பியருகே அமர்ந்து காகங்களைப் பார்ப்பது முதிய பூனையின் வழக்கமாயின், அந்த இடம் அதற்கே உரியதாக இருக்கட்டும். இரண்டும் கட்டிக்கொண்டு உறங்கும் என எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒரே அறையில் சீறாமல் கடந்து சென்றாலே போதும்.