மேம்பட்ட தேசிய நிலநடுக்கக் கண்காணிப்பு அமைப்பு

மேம்பட்ட தேசிய நிலநடுக்கக் கண்காணிப்பு அமைப்பு என்பது ஐக்கிய அமெரிக்காவின் வட்டார நிலநடுக்க வலையமைப்புகளையும் தேசிய வலையமைப்பையும் இணைத்து இயங்கும் கூட்டமைப்பு ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் இது ஏ.என்.எஸ்.எஸ். எனவும் அழைக்கப்படுகிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் இதனை ஒருங்கிணைக்கிறது. வட்டார வலையமைப்புகளைக் கலைக்காமல், அவற்றின் பதிவுகளையும் முடிவுகளையும் பொதுவாக்குவதே இதன் அடிப்படைக் கொள்கை.

ஒருங்கிணைப்பின் தேவை

ஒரு நிலநடுக்கத்தைக் கணிக்க அகலாங்கு, நெட்டாங்கு, ஆழம், தோன்றிய நேரம் ஆகிய நான்கும் கண்டறியப்பட வேண்டும். இதற்கு வெவ்வேறு நிலையங்களில் அலைகள் வந்துசேர்ந்த நேரங்கள் குறைந்தது நான்கு தேவை. நிலையங்கள் நிலநடுக்கத்தைச் சூழ்ந்து அமைந்திருந்தால் கணிப்பு துல்லியமாகும். அனைத்தும் ஒரே பக்கத்தில் இருந்தால் பிழை பெருகும்.

இரு வலையமைப்புகளின் எல்லையில் ஏற்படும் நிலநடுக்கத்தில் இச்சிக்கல் எழுகிறது. இரண்டும் தனித்தனியே கணித்தால், ஒரே நிலநடுக்கத்துக்கு இரண்டு இடங்களும் இரண்டு அளவுகளும் வெளியாகக்கூடும். மீட்புப் பணியினருக்கு அவ்வேளையில் வேண்டுவது ஒரே விடை.

வரலாறு

கலிபோர்னியாவின் பெர்க்லியில் நிலநடுக்கப் பதிவு 1887ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. பின்னர் வாசிங்டன், யூட்டா, நெவாடா, அலாஸ்கா முதலிய மாநிலங்களின் பல்கலைக்கழகங்களும் தத்தம் வலையமைப்புகளை உருவாக்கின. கருவிகளும் மென்பொருள்களும் இடத்துக்கிடம் வேறுபட்டன.

ஜனவரி 17, 1994 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே 6.7 அளவுள்ள நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் ஏற்பட்டது. எப்பகுதி மிகுதியாகக் குலுங்கியது என்பது உடனடியாகத் தெரியவில்லை. பல வலுவதிர்வுக் கருவிகள் படச்சுருளில் பதிவு செய்தமையால் அவற்றை நேரில் சென்று எடுக்கவேண்டியிருந்தது. இதன் பின் கலிபோர்னியாவில் மூன்று நிறுவனங்கள் இணைந்து டிரைநெட் திட்டத்தை உருவாக்கின. 1999இல் நாடு முழுமைக்குமான திட்ட அறிக்கை வெளியானது. 2000இல் அமெரிக்கக் காங்கிரசு இவ்வமைப்புக்குச் சட்ட ஒப்புதல் அளித்தது.

இயங்கும் முறை

அண்டை வலையமைப்புகள் நிலையப் பதிவுகளை உடனுக்குடன் பரிமாறிக்கொள்கின்றன. இதற்குப் பொதுவான தரவு வடிவமும் துல்லியமான நேரமும் இன்றியமையாதவை. முதன்மை அலை புவியோட்டில் நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் செல்வதால், கடிகாரத்தின் ஒரு நொடிப் பிழையும் தொலைவைப் பல கிலோமீட்டர் மாற்றிவிடும்.

ஒவ்வொரு வட்டார வலையமைப்புக்கும் வரையறுக்கப்பட்ட பொறுப்பு எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் ஏற்படும் நிலநடுக்கத்துக்கு அதன் முடிவே முதன்மையாகக் கொள்ளப்படுகிறது. எஞ்சிய இடங்களுக்குக் கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரிலுள்ள தேசிய நிலநடுக்கத் தகவல் மையம் பொறுப்பேற்கிறது. 24 மணி நேரமும் பணியாளர் உள்ள இம்மையம், வட்டார வலையமைப்பு செயலிழக்கும்போது துணையாகவும் நிற்கிறது.

ஒரே நிகழ்வைப் பற்றிய பல கணிப்புகள், நேரமும் இடமும் ஒப்பிடப்பட்டுப் பொதுப் பட்டியலில் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. கணித்தவர் யார் என்பதும் மறைக்கப்படுவதில்லை. நிகழ்வுக் குறியீட்டின் தொடக்க எழுத்துகள் அதனைக் காட்டும். சான்றாக, 'சி.ஐ.' தென் கலிபோர்னியாவையும், 'ஏ.கே.' அலாஸ்காவையும், 'யு.எஸ்.' தேசிய மையத்தையும் குறிக்கின்றன.

பயன்கள்

நிலநடுக்கத்துக்குப் பின் சில நிமிடங்களில் வெளியாகும் அதிர்வு வரைபடம் இதன் முக்கியப் பயன்களுள் ஒன்று. எங்கு எவ்வளவு குலுக்கம் என்பதை இது காட்டுவதால், மீட்புப் பணிகளை எங்கு தொடங்குவது என்று முடிவு செய்யலாம்.

மேற்குக் கரை மாநிலங்களின் ஷேக்அலர்ட் முன்னெச்சரிக்கையும் இந்நிலையங்களையே நம்பியுள்ளது. விரைவாகச் செல்லும் முதன்மை அலையை உணர்ந்து, வலிய அலை வருமுன் இது எச்சரிக்கிறது. பொதுமக்களுக்கான எச்சரிக்கை கலிபோர்னியா முழுவதும் 2019இலும், ஓரிகன், வாசிங்டன் மாநிலங்களில் 2021இலும் தொடங்கியது.

குறைபாடுகள்

1999ஆம் ஆண்டுத் திட்டம் சுமார் 7,000 கருவிகளைக் கோரியது. முதல் பத்தாண்டு முடிந்த பின்னரும் அவற்றில் பாதிகூட நிறுவப்படவில்லை. பொது விதிகள் இரட்டை விடைகளைத் தவிர்க்கும். ஆனால் நிலையமே இல்லாத இடத்தின் பதிவை எந்த ஒருங்கிணைப்பாலும் உருவாக்க இயலாது.