சிங்கம் இங்கே! படங்கள் எங்கே?

திரையில் உறுமும் சிங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்காவின் எம்.ஜி.எம். படக் கம்பெனியின் முத்திரை.

1924-ல் மார்க்கஸ் லோ என்பவர் 3 கம்பெனிகளை ஒன்றாக்கி இதை உருவாக்கினார்.

1969-ல் கிர்க் கெர்கோரியன் என்ற கோடீசுவரர் கைக்குப் போனது. மறு ஆண்டே நட்சத்திரங்கள் அணிந்த உடைகளும் செருப்புகளும் ஏலத்துக்கு வந்தன!

1986-ல் டெட் டர்னர் வாங்கினார். டெலிவிஷனில் காட்டப் பழைய படங்கள்தான் அவருக்குத் தேவை. சில மாதங்களில் பெயரையும் சிங்கத்தையும் கெர்கோரியனுக்கே விற்றார். படங்களை வைத்துக்கொண்டார். ஸ்டூடியோ நிலம் லோரிமார் கம்பெனிக்குப் போயிற்று.

வீடு ஒருவருக்கு, நகை ஒருவருக்கு, குடும்பப் பெயர் இன்னொருவருக்கு!

1996-ல் டர்னர் கம்பெனி டைம் வார்னருடன் இணைந்தது. படங்களும் அங்கே சென்றன.

2022-ல் அமேசான் சுமார் 850 கோடி டாலருக்கு எம்.ஜி.எம்.மை வாங்கியது. சிங்கம் கிடைத்தது. ஆனால், 1939-ல் வந்து உலகப் புகழ் பெற்ற ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ கிடைக்கவில்லை!