செகிகஹாரா: மேசைமேல் ஒரு போர்க்களம்

ஜப்பானின் இன்றைய கிஃபு மாகாணத்தில் 1600 அக்டோபர் 21 அன்று நடந்த போர், இங்கே பகடை ஆட்டமாக. மேற்கு அணிக்கு இஷிதா மித்சுனாரி. கிழக்கு அணிக்குத் தொகுகவா இயேயாசு. அன்று காலை கடும் மூடுபனி. அதனால் முதல் சுற்றில் தொலைவுக்குச் சுட அனுமதியில்லை.

மட்சுவோ குன்றின்மேல் இரட்டை அரிவாள் சின்னத்துடன் நிற்பவை கொபயகாவா ஹிதேஅகியின் பொம்மைகள். மேற்கு அணியில் ஏறத்தாழ 15,000 வீரர்களுடன் நின்ற அவர், நண்பகல் வாக்கில் கட்சி மாறித் தன் அணியையே தாக்கினார். அவர் படையை எந்த ஆட்டக்காரரும் நகர்த்த முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் பகடைதான் தீர்மானிக்கும். நங்கு மலையிலுள்ள, மேற்கு அணியைச் சேர்ந்த மோரி படையும் அசையாது: அதன் முன்னணியிலிருந்த கிக்காவா ஹிரோயே இயேயாசுவுடன் முன்பே இரகசியமாகப் பேசி முடித்திருந்தார்.

போர் ஒரே நாளில் முடிந்தது. வென்ற இயேயாசு 1603இல் ஷோகன் (இராணுவ ஆட்சியாளர்) ஆனார். அவர் மரபு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டது.