கரண்டியும் சிற்பமே

கோயிலில் தீர்த்தம் வார்க்கும் உத்தரணியை உற்று நோக்கியிருக்கிறீர்களா? ஒரு சிறு குழி. ஒரு மெல்லிய காம்பு. சிலவற்றில் காம்பின் நுனியில் படமெடுத்த நாகம். நாகம் இல்லாவிட்டாலும் தீர்த்தம் வார்க்கலாம். ஆயினும் அதைச் செய்தவனுக்கு வெறும் பயனோடு நின்றுவிட மனம் வரவில்லை.

ஓவியமும் சிற்பமும் கற்ற ஒருவர் கரண்டி செய்யப் புகுந்தால், கலையிலிருந்து இறங்கிவிட்டார் என்று சிலர் எண்ணுகின்றனர். உலகப் புகழ்பெற்ற அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் தம் வீட்டுச் சமையலறைக்கு வேண்டிய கரண்டிகளைத் தாமே செய்துகொண்டார். அதனால் அவர் புகழ் குறைந்துவிடவில்லை.

காகிதத்தில் நினைத்தபடி கோடு இழுக்கலாம். உலோகம் அப்படி இணங்காது. செப்புத் தகட்டை அடிக்க அடிக்க அது இறுகும். செந்தணலில் காய்ச்சினால் மீண்டும் இளகும். அடிப்பதும் காய்ச்சுவதும் மாறி மாறி நடந்தால்தான் தட்டைத் தகடு குழியாகும். காம்பு குழியோடு சேரும் கழுத்துதான் வளைந்து ஒடியும் இடம். ஆகவே அங்கே கனம் வேண்டும். புளிக்குழம்பில் புழங்கும் செப்புக் கரண்டிக்கு ஈயப்பூச்சும் வேண்டும். இத்தனை கட்டளைகளுக்கும் அடங்கி அழகைக் காண்பதே இக்கலை.

பாலக்காட்டுப் பகுதி இதில் நமக்கு ஓர் ஆசான். நூற்றுக்கு இருபதுக்கு மேல் வெள்ளீயம் கலந்த வெண்கலத்தைக் குளிர்ந்த நிலையில் அடித்தால் விரிசல் காணும். அங்குள்ள கம்மாளர் அதைச் செஞ்சூட்டில் அடித்து, உடனே நீரில் தோய்த்து, நொறுங்காத பாத்திரமாக்கினர். இம்முறையை உலோகவியல் அறிஞர் சாரதா ஸ்ரீனிவாசன் 1990களில் ஆராய்ந்து எழுதினார். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த பழங்காலக் கிண்ணங்களும் இவ்வகை வெண்கலமே. எத்தனை தலைமுறையின் கைப்பழக்கம் அது!

ஆனால், பழக்கம் மட்டும் வயிற்றை நிரப்புமா? இக்கேள்விக்குச் சென்னைக் கலைஞர்கள் ஒரு விடை கண்டனர். கலைப்பள்ளித் தலைவர் கே. சி. எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் கலைக்கிராமத்தை நிறுவினார். அங்குக் கூடிய ஓவியரும் சிற்பிகளும் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று வாழ்வு நடத்தினர். அந்த வருவாயே அவர்கள் விரும்பிய கலையைப் படைக்கத் துணை நின்றது. அவர்களுள் ஒருவரான பி. வி. ஜானகிராம், கோயில் திருமேனிகளுக்குச் சாத்தும் உலோகக் கவசங்களைக் கண்டு தகட்டுச் சிற்பத்துக்கு ஒரு புதுவழி வகுத்தார். கைத்தொழில் கலையைத் தாழ்த்தவில்லை, தாங்கி நின்றது.

நண்பர்களே, அச்சில் அழுத்திய எஃகுக் கரண்டி மலிவானது. அதை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் கையால் அடித்த ஒரு கரண்டியைக் காணும்போது, அதன் எடைக்கு மட்டும் விலை பேசாதீர்கள். அந்த உழைப்புக்கு உரிய கூலி கிடைக்காவிடில், தந்தையின் சுத்தியலை மகன் எடுக்க மாட்டான். நூல்களில் செய்முறை இருக்கும். செய்வதற்குக் கை இராது.